குழிக்குள் ஆள் எதற்கு?

பெங்களூரின் ஓரங்களில் 30-க்கு 40 மனை வாங்கி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வீடு எழுப்பிய நம்மவர்கள் ஏராளம். சிமெண்டுக்கும் டைல்ஸுக்கும் மாதக்கணக்கில் விசாரித்தவர்கள், செப்டிக் டாங்க் விஷயத்தில் மட்டும் மேஸ்திரி சொன்னதே வேதவாக்கு என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படி விட்டவன்தான். வாசலில் டைல்ஸ் பாவியபோது டாங்கின் மூடியும் அதன் அடியில் போயிற்று. பதினொரு ஆண்டுகள் வீட்டில் யாருக்கும் அதன் நினைவே இல்லை.

ஓர் ஐப்பசி மழையில் குளியலறைக்குள் கழிவு நீர் எதிர்த்து வந்தபோதுதான் நினைவு வந்தது. டைல்ஸை உடைத்து மூடியைத் தூக்கினோம். லாரிக்காரர்கள் குழாயை விட்டு மேலாக இருந்த தண்ணீரை உறிஞ்சினார்கள். அடியில் இருந்த சேறோ களிமண்ணாக இறுகிக் கிடந்தது. லாரியோடு வந்த பையன், தருமபுரிப் பக்கம், இருபது வயது இருக்கும், சட்டையைக் கழற்றினான். "இறங்கிக் கலக்கிவிட்டால் வந்துவிடும் சார், ஐந்நூறு சேர்த்துக் கொடுங்கள்" என்றான். என் கை சட்டைப்பைக்குப் போயிற்று என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தடுத்தவர் என் மனைவி. "அந்தப் பிள்ளை இறங்குவதானால் நீங்களும் கூட இறங்குங்கள்" என்றார். பிறகு மேலேயிருந்தே தண்ணீர் அடித்து, நீண்ட கழியால் கலக்கி, லாரி இரண்டு நடை அடித்து வேலை முடிந்தது. கூடுதலாக ஆனது ஒன்றரை மணி நேரமும் ஒரு நடைக் கூலியும்.

அந்தக் குழிக்குள் இருப்பது வெறும் நாற்றமல்ல. காற்றில்லாமல் கழிவு மட்கும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்கின்றன. இரண்டாவது வாயு அழுகிய முட்டை போல் நாறும். அளவு மிகுந்தாலோ மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை இல்லையே' என்று இறங்குகிறவன் ஓரிரு மூச்சில் சாய்ந்துவிடுவான். அவனைத் தூக்கக் குதித்தவனும் சாய்வான். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் சிலரது வழக்கம் அதைவிட ஆபத்து; மீத்தேன் பற்றிக்கொள்ளும். புதிதாகக் கட்டி மூடிய டாங்கில் செண்டிரிங் பலகை பிரிக்க இறங்கிப் பிராணவாயு இல்லாமல் மாண்டவர்களும் உண்டு.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டாங்கில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாநகராட்சிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2014 வழக்கைத் தொடுத்த சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பின் தலைவர்களில் ஒருவரான பெஜவாடா வில்சன், நமக்குப் பக்கத்துக் கோலார் தங்கவயலில் பிறந்தவர். 'அவனாகத்தானே இறங்கினான், நானா தள்ளினேன்?' என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. வயிற்றுப்பாட்டுக்கு வந்தவன் ஐந்நூறு ரூபாய்க்கு எதற்கும் சம்மதிப்பான். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அது தெரியாதா?

ஆள் இறங்க வேண்டிய நிலை வருவதே நம் அசட்டையால்தான். டாங்கில் தண்ணீர் நிறைந்திருப்பது கோளாறல்ல. வெளியேறும் குழாய் மட்டம் வரை எப்போதும் நிறைந்துதான் இருக்கும். அடிச்சேறு மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது எடுத்துவிட வேண்டும். அளவாகக் கட்டிய டாங்குக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வந்தால் போதும்; சேறு இறுகாது, குழாயே இழுத்துவிடும். கழுவித் துடைக்க வேண்டியதில்லை. கொஞ்சம் சேறு மிஞ்சினால்தான் நுண்ணுயிர்கள் பிழைத்திருக்கும். ஆசிட்டை வாளி வாளியாக ஊற்றுவது அவற்றைக் கொல்லும் வேலை. துணி, பஞ்சு எதுவும் போகக் கூடாது. வெளியேறும் வாயில் உள்ள 'டி' குழாய் உடைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். இல்லையேல் மேலே மிதக்கும் கசடு உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணை அடைத்துவிடும். அப்படி அடைத்த பிறகு டாங்கை எத்தனை முறை காலி செய்தாலும் பயனில்லை, புதுக் குழிதான்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. குடிநீர்க் கிணற்றிலிருந்து உறிஞ்சுகுழி 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. 30-க்கு 40 மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடி, அதாவது 15 மீட்டர்தான். போர்வெல்லும் குழியும் ஒரே மனையில் இருக்கும் வீட்டில் எப்படி அளந்தாலும் விதி நிறைவேறாது. பக்கத்து வீட்டுக் குழி இன்னும் அருகில் இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கும்முன் பரிசோதிப்பது நல்லது.

2007இல் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களில் பாதாளச் சாக்கடை வந்துசேர்ந்த தெருக்காரர்கள் இணைப்பு எடுத்ததோடு நின்றுவிடக் கூடாது. பழைய டாங்கை லாரி வைத்துக் காலி செய்து, மணலோ மண்ணோ கொட்டி நிரப்ப வேண்டும். மெல்லிய பலகைக் கல்லால் மூடி, அதன்மேல் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே மூன்று இருக்கின்றன.