எது பெரிது?

சென்ற வாரம் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். "உலகில் உள்ள உயிர்களில் மிகப் பெரியது எது?" என்பது நாமே கொடுத்திருந்த கேள்வி. எல்லாப் பையன்களும் நீலத் திமிங்கிலம் என்று எழுதியிருக்க, ஒருவன் மட்டும் "காளான்" என்று எழுதியிருந்தான். குறும்பு என்று எண்ணிச் சிவப்பு மையினால் ஒரு பூஜ்யம் போட்டோம். மறுநாள் அவன் எழுந்து நின்று, "ஸார், வேடிக்கைக்கு எழுதவில்லை, படித்துத்தான் எழுதினேன்" என்றான். அன்றிரவு நாமும் புத்தகங்களைப் புரட்டலானோம்.

நீலத் திமிங்கிலத்தின் பெருமை பொய்யன்று. கடலில் வாழ்ந்தாலும் குட்டி ஈன்று பாலூட்டும் பிராணி அது. ஏறக்குறைய 100 அடி நீளம் வளரும். எடை 150 டன்னுக்கும் மேற்போவதுண்டு.

காளானின் கதை வேறு. குடைபோல் நாம் காண்பது, மரத்துக்குக் கனி எப்படியோ அப்படி. உடலோ மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் இழை இழையாய்ப் பரவிக் கிடக்கிறது. ஆர்மில்லேரியா என்னும் காளான், பூட்ஸ் நாடா போன்ற கறுத்த கயிறுகளை மண்ணில் ஓட்டி, மரத்துக்கு மரம் சென்று, கட்டையை மக்கச் செய்து உண்பது. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துக் காட்டிலுள்ள அத்தகைய காளான் ஒன்றைப் பற்றி 1992-ல் விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தார்கள். 2018-ல் மறுபடி கணக்கிட்டபோது அதன் வயது சுமார் 2,500 ஆண்டு, எடை சுமார் 400 டன் என்று கண்டார்கள். ஆரிகன் மாகாணத்தில் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்று 2,400 ஏக்கர் அளவுக்குப் பரவியிருக்கிறது.

அத்தனையும் ஓருயிரே என்பது எங்ஙனம் தெரியும்? காட்டின் வெவ்வேறு மூலைகளில் எடுத்த துணுக்குகளை ஒரே தட்டில் அருகருகே வளர்ப்பார்கள். ஓருடலாயின் இழைகள் கலந்துவிடும். வேறாயின் நடுவே கோடு கிழித்ததுபோல் விலகி நிற்கும். மரபணுச் சோதனையும் செய்து உறுதிப்படுத்துவார்கள்.

ஆயினும் திமிங்கிலத்துக்கு இதயம் ஒன்று. அது நின்றால் எல்லாம் முடிந்தது. காளானையோ துண்டித்தாலும் துண்டுகள் தனித்தனியே பிழைக்கும். அந்த 'ஒன்று' வேறு, இந்த 'ஒன்று' வேறு. "மிகப் பெரிய பிராணி எது?" என்று கேட்டிருந்தால் வழக்கே இல்லை. பிழை நம் கேள்வியில்தான்.

மறுநாள் வகுப்பில் அதை ஒப்புக்கொண்டு, பூஜ்யத்தை அடித்து முழு மார்க்கும் போட்டோம். மற்றவர்களின் மார்க்கையும் குறைக்கவில்லை. வீட்டில் குழந்தைகள் விபரீதமாய் விடை சொன்னால், சிரிக்குமுன் "எங்கே படித்தாய்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாம் கேட்க மறந்தது அதுதான்.