எல்லா அம்புகளும் ஒருத்தியிடம்

விழாவுக்கு இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன. பிரதம அதிதிக்கு எழுதிய அழைப்புக் கடிதம் எங்கே என்று பொறுப்பாசிரியை கேட்டார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "நீங்க ஒஃபீஸ்ல குடுத்திருப்பீங்கன்டு நெனச்சேன்" என்றாள் தரம் 12 தங்கச்சி என்னிடம். நான் பொருளாளர் கொடுத்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். பொருளாளரோ கடிதம் எழுதி முடிந்ததே தனக்குத் தெரியாது என்றாள். கடைசியில் அது மன்றத்தின் கோவைக்குள், நூலக அலுமாரியில் கிடைத்தது. அதிபரின் மேசையை அது காணவே இல்லை.

எங்களில் யாரும் சோம்பேறி இல்லை. எங்கள் வட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட செய்திகள். ஆனால் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து முந்தியதை மூடிக்கொண்டே போயின. "கடிதம் ரெடி" என்று ஒருத்தி போட்டதற்குக் கீழே மேடைத் திரையின் நிறம் பற்றி நாற்பது செய்திகள், பிறகு யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்து. தேடினால் எல்லாம் இருக்கும். தேட வேண்டும் என்று தோன்றினால்தானே தேடுவோம்?

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் ராத்தாதான் இணைய வெண்பலகையைக் காட்டித் தந்தார். அவர்களுடைய குழுவேலைகளுக்கு மிரோ என்ற பலகையைப் பயன்படுத்துகிறார்களாம். வகுப்பறை வெண்பலகையைப் போன்றதுதான், ஆனால் அதற்கு விளிம்பு இல்லை. எத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவரவர் வீட்டிலிருந்தே எழுதலாம். மஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில் சிறு ஒட்டுத்தாள்கள் உண்டு. பெட்டிகள் வரையலாம், அம்புக்குறிகளால் இணைக்கலாம். மற்றவர்களின் சுட்டி, பெயரோடு அங்குமிங்கும் ஓடுவதைக் காணலாம். (முதல் நாள் அந்தச் சுட்டிகளைத் துரத்தி விளையாடியே அரை மணித்தியாலம் போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.) இதே வேலைக்கு மியூரல், ஃபிக்ஜாம், மைக்ரோசொப்ட் வைட்போர்ட் என்று பல இருக்கின்றன. எக்ஸ்காலிட்ரோ என்பதில் கணக்குத் திறக்காமலே வரையலாம்.

நிறங்களைப் புகழ்வதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தப் பலகையில் நாங்கள் வரைந்த ஒரு படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அழைப்பிதழ் என்ற ஒரேயொரு வேலையை எடுத்து அது தொடங்குவதிலிருந்து முடியும்வரை படிபடியாக வரைந்தோம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் படித்த பாய்ச்சற் கோட்டுப்படம்தான். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நீள்வட்டம், செய்யும் வேலைக்குச் செவ்வகம், "ஆம், இல்லை" என்று பிரியும் இடத்துக்குச் சாய்சதுரம். பரீட்சைக்காக எத்தனையோ தடவை வரைந்திருக்கிறோம். எண்களைக் கூட்டவும் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கவும் வரைந்தோமே தவிர, எங்கள் சொந்த வேலையை ஒருநாளும் அதில் வரைந்து பார்த்ததில்லை.

அழைப்பிதழ் நான்கு படி வேலை என்று நினைத்திருந்தோம்: எழுது, காட்டு, அச்சடி, கொடு. வரைந்தபோது பதினொன்று வந்தது. ஆசிரியை பிழை திருத்தினால் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். பிரதி அதிபர் பார்க்காமல் அதிபரிடம் போகாது. அதிபர் கூட்டத்துக்குப் போன நாளில் எல்லாமே நின்றுவிடும். அச்சகத்துக்கு முற்பணம் வேண்டும், அதற்குப் பொருளாளரின் கையொப்பம் வேண்டும். கடிதம் தொலைந்த இடமும் படத்திலேயே தெரிந்தது. மூன்றாம் பெட்டிக்கும் நான்காம் பெட்டிக்கும் நடுவே ஓர் அம்புக்குறி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் யார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பெட்டிகளுக்கெல்லாம் ஆள் போட்டிருந்தோம், அம்புக்குறிக்குப் போடவில்லை.

பிறகு இன்னொரு முறையில் வரையச் சொன்னார் ராத்தா. நீச்சல் தடாகத்தில் ஆளுக்கொரு தடம் பிரித்திருப்பதைப் போலப் பலகையைக் குறுக்குக் கோடுகளால் பிரித்து, ஒவ்வொரு தடத்துக்கும் ஒருத்தியின் பெயர் எழுதி, அவள் செய்யும் வேலைகளை அவள் தடத்தில் போட வேண்டும். அப்போதுதான் கண்டோம். எங்கள் உபசெயலாளரின் தடத்தில் இடமே இல்லை. ஒட்டுத்தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. அழைப்பிதழ், ஒலிபெருக்கி, கிராஅத் ஓதும் பிள்ளைகளின் ஒத்திகை, சிற்றுண்டிக் கணக்கு, பழைய மாணவியர் சங்கத்தோடு பேசுவது என எல்லா அம்புகளும் அவளை நோக்கியே வந்தன. சில தடங்களில் ஒரேயொரு தாள்தான் இருந்தது. என் தடத்தில் மூன்று.

"அவ இருந்தா நமக்குக் கவலயில்ல" என்று நாங்கள் எல்லோரும் சொல்லித் திரிந்தோம், பாராட்டு என்று நினைத்துத்தான். இரண்டாம் தவணைப் பரீட்சையில் அவளுடைய புள்ளிகள் குறைந்ததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் அந்தத் தடத்தைப் பார்த்த பிறகு அதைப் பற்றிப் பேச எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. வேலைகளை உடனே பிரித்தெடுத்தபோது அவள் சந்தோஷப்படவில்லை. முகம் வாடிவிட்டது. தன்னால் முடியாது என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள். ஒத்திகையை மட்டுமாவது விடுங்கள் என்று கேட்டாள். அது அவளுக்குப் பிடித்த வேலை. அதைத்தான் முதலில் பிடுங்கியிருந்தோம். பலகை எத்தனை வேலை இருக்கிறது என்று காட்டும், எதை ஒருத்தி ஆசையோடு செய்கிறாள் என்று காட்டாது. அதை அவளிடம்தான் கேட்க வேண்டும். ஆகவே ஒருத்தி இல்லாத நேரத்தில் அவள் தடத்தில் எதையும் போடக்கூடாது, எதையும் எடுக்கவும் கூடாது என்று பின்னர் தீர்மானித்தோம்.

வேலையைப் படிபடியாக வரைந்து பார்ப்பது கணினியோடு வந்த வழக்கமல்ல. 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தில் ஃபிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் என்ற கணவனும் மனைவியும் செயன்முறை வரைபடம் பற்றிய கட்டுரையொன்றைச் சமர்ப்பித்தார்கள். ஒரு வேலையைத் திருத்த வேண்டுமானால் முதலில் அதை முழுவதுமாகக் கண்ணால் காண வேண்டும் என்பதுதான் அவர்களுடைய எண்ணம். லிலியன் உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்ற தாய். 1924இல் கணவர் இறந்த பிறகு, ஒரு பெண்ணிடம் பொறியியல் ஆலோசனை கேட்கப் பல நிறுவனங்கள் விரும்பவில்லை. அவர் அதே கண்ணைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். அடுப்பு, கழுவுதொட்டி, மேசை ஆகியவற்றின் உயரத்தையும், ஒரு பெண் ஒரு வேளைச் சமையலுக்கு எத்தனை அடி நடக்கிறாள் என்பதையும் ஆராய்ந்தார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைக்கூடையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டுகளும் அவருடைய யோசனைகள் என்று சொல்லப்படுகிறது. 1965இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. ஐ.சீ.டீ. பாடத்தில் இந்தப் படத்தை வரையும் எத்தனை பேருக்கு, இதன் தொடக்கத்தில் ஒரு பெண்ணின் கை இருந்தது தெரியும்? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

அவரைப் பற்றி வாசித்த பிறகு, போன ரமழானில் எங்கள் வீட்டின் ஒரு நாளை வரைந்து பார்த்தேன். இணையப் பலகையில் அல்ல, பழைய கலண்டர்த் தாளின் பின்புறத்தில். ஸஹரிலிருந்து தராவீஹ் முடியும்வரை, வீட்டில் உள்ள ஐந்து பேருக்கும் ஐந்து தடங்கள். உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "வேலய எண்ணினா பரக்கத் பெய்த்திடும் மகள்" என்றார். இருந்தும் பக்கத்தில் வந்து பார்த்து, நான் விட்டுவிட்ட இரண்டைச் சொன்னார்: இரவே அரிசி ஊறப்போடுவது, எல்லோரையும் எழுப்பத் தான் அரை மணித்தியாலம் முந்தி எழும்புவது. எழுதி முடித்தபோது உம்மாவின் தடத்தில் இருபத்துமூன்று பெட்டிகள். எனக்கு ஏழு, வாப்பாவுக்கு நான்கு. நானாவுக்கு இரண்டு, அதில் ஒன்று பள்ளிக்குப் போய்க் கஞ்சி எடுத்து வருவது, மற்றது ஸஹருக்கு எழும்புவது. தம்பிக்கு ஒன்று: பாங்கு கேட்டதும் கத்திச் சொல்வது.

வாப்பா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. மறுநாள் இப்தார் முடிந்ததும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

இந்த மாதிரிப் பலகையைப் பிள்ளைகள் போனிலும் கணினியிலும் திறந்து வைத்திருப்பதைக் கண்டால் "இது படிப்பா, விளையாட்டா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். பதிலுக்குப் பலகையைத் திருப்பிக் காட்டுங்கள் என்பேன். தனிப்பட்ட அரட்டையைப் பெற்றோருக்குக் காட்டத் தயங்கும் பிள்ளையும் இதைத் தயங்காமல் காட்டலாம். யார் எதைச் செய்கிறார்கள், எந்த நாளில் மகள் பாடசாலையில் பிந்தி நிற்க வேண்டும், ஏன் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் மன்றத்தின் ஓர் உம்மா அதைப் பார்த்துவிட்டு, சிற்றுண்டியை விழா அன்று காலையில் அல்ல, முந்திய மாலையிலேயே சொல்லிவைக்க வேண்டும் என்று பிழை கண்டுபிடித்தார். அவர் சொன்னது சரி.

ஆனால் இதை எல்லோருக்கும் நல்லது என்று விற்க நான் வரவில்லை. எங்கள் குழுவில் ஒருத்தியிடம் போன் இல்லை. வீட்டில் உள்ள ஒரே போன் வாப்பாவோடு வேலைக்குப் போய்விடும், இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் வரும். அவள் தன் யோசனைகளைக் கொப்பித் தாளில் எழுதித் தருவாள், அவற்றை இன்னொருத்தி பலகையில் ஏற்றுவாள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அவளுடைய நல்ல யோசனைகள் எல்லாம் ஏற்றியவளின் நிறத்தில், ஏற்றியவளின் பெயரில் நின்றன. மேடையின் பின்னணியைப் பனையோலையால் செய்யலாம் என்பது அவளுடைய எண்ணம். கூட்டத்தில் நன்றி வேறொருத்திக்குப் போனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களாகவே கண்டுபிடித்தபோது விழா முடிந்திருந்தது.

2020இல் பாடசாலைகள் மூடி எல்லாம் ஸூமுக்கு மாறியபோது என்ன நடந்தது என்று எமக்கு நினைவிருக்கிறது. போன் இருந்த பிள்ளை படித்தாள், இல்லாத பிள்ளை நின்றுவிட்டாள். 2022இல் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை போனபோது போன் இருந்தவளும் நின்றாள். ஒரு விழாவைத் திட்டமிடும் வேலையிலும் அந்தப் பிரிவினையை நாமே உண்டாக்கினால், அதற்குக் கொரோனாவைக் குறை சொல்ல முடியாது.

சின்னத் தொல்லைகளும் உண்டு. போனின் சிறு திரையில் பெரிய பலகை எறும்புப் புற்றுப் போலத் தெரியும். இலவசக் கணக்கில் மிரோ மூன்று பலகைகளைத்தான் திருத்தத் தரும். இணைப்பு முகவரி கையில் உள்ள எவரும் உள்ளே வரும்படி பலகையைத் திறந்து வைத்தால், அந்த முகவரி எந்தக் குழுவுக்கெல்லாம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மாணவியரின் தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி, படம் எதையும் அதில் போடக்கூடாது. இதில் நான் பெற்றோரின் பக்கம்தான். இன்னொன்று, அந்தப் பலகை எமக்குச் சொந்தமானதல்ல. கூகிள் நிறுவனத்தின் ஜாம்போர்ட் பல நாட்டுப் பாடசாலைகளில் பயன்பட்டது. 2024 ஒக்டோபர் முதலாம் திகதியோடு அதில் எழுத முடியாமற் போயிற்று, டிசம்பர் 31ஆம் திகதியோடு மூடியே விட்டார்கள். எங்கள் மன்றத்தின் ஐம்பது ஆண்டுப் பழைய கூட்டறிக்கைக் கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது, கறையான் தொட்ட இரண்டு பக்கங்களைத் தவிர. பலகையில் வரைந்ததை மாதம் ஒருமுறையாவது படமாக எடுத்து அச்சிட்டு அந்தக் கொப்பியில் ஒட்டிவைக்க வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான். முதல் வரைபடம் தாளில், எல்லோரும் நேரில் இருக்கும்போது வரையப்பட வேண்டும். நூலகத் தரையில் பெரிய பிரிஸ்டல் போர்டை விரித்துச் சுற்றி அமர்ந்தால் போன் உள்ளவளும் இல்லாதவளும் ஒரே பேனையைப் பிடிக்கலாம். அது ஒழுங்கான பிறகு இணையப் பலகையில் ஏற்றினால், விடுமுறையிலும் இரவிலும் மாற்றங்களைக் குறிக்க அது உதவும். அதற்குத்தான் அது கெட்டிக்காரப் பலகை. ஏற்றும்போது ஒவ்வொரு தாளிலும் அதைச் சொன்னவளின் பெயரை எழுத வேண்டும், தட்டச்சு செய்தவளின் பெயரை அல்ல. அம்புக்குறிகளுக்கும் ஆள் போட வேண்டும். கணினி ஆய்வுகூடத்தைக் கிழமைக்கு ஒருநாள், பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் மன்றங்களுக்குத் திறந்து தந்தால், போன் இல்லாத பிள்ளையும் தன் தடத்தைத் தானே திருத்துவாள். இதை அதிபரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

இம்முறை கடிதத்தை யார் ஒஃபீஸுக்குக் கொண்டுபோவது என்று பலகையில் பெயர் இருக்கிறது. என் பெயர்தான். நேற்றே கொடுத்துவிட்டேன்.