விமானம் ஏறும் முன் வேண்டிய பணம்

2025 ஜூலையில், தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு 106 பேரைத் தேர்ந்தெடுத்தது மத்திய சமூக நீதி அமைச்சகம். தற்காலிக ஆணை கிடைத்ததோ முதல் 40 பேருக்கு மட்டும். மற்ற 66 பேருக்கும் நிதி இருந்தால் ஆணை வரும் என்று சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் செப்டம்பரில் வகுப்பு தொடங்கிவிடும். அதற்குள் விசா வாங்கி, தங்க இடம் பிடித்துப் போய்ச் சேர வேண்டும். அந்தக் காத்திருப்பு பின்னர் எப்படி முடிந்திருந்தாலும், ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாயைத் தாண்டாத குடும்பத்துப் பிள்ளைகளைக் கடைசி நேரத்தில் அந்தரத்தில் நிறுத்தியது தவறு.

ஏழை மாணவர்கள் வெளிநாடு சென்று படிக்கத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் இந்த உதவித்தொகை 1954-55 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள், பாரம்பரியக் கைவினைஞர்கள் ஆகியோருக்குச் சேர்த்து ஆண்டுக்கு 125 இடங்கள். தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நாடு முழுமைக்கும் 125 இடங்கள் சொற்பம்தான். அதை உயர்த்தியாக வேண்டும். ஆனால், இருக்கும் இடங்களையே எட்டவிடாத குறை ஒன்று உண்டு. சேர்க்கை கிடைத்த பிறகுதான் அரசு திரும்பிப் பார்க்கிறது. மாணவரின் கைப்பணம் கரைவதோ அதற்கு முந்தைய ஓராண்டில்.

மத்திய அரசின் திட்டத்தில் விண்ணப்பிக்கவே, உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்துக்கு என்ன விலை? ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கு மட்டும் சுமார் 18,000 ரூபாய். மதிப்பெண் குறைந்தால் மறுபடியும் அதே தொகை. ஜிஆர்இ நுழைவுத் தேர்வையும் கேட்கும் துறை என்றால் அதற்கு இன்னும் கூடுதல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, விண்ணப்பம் ஒன்றுக்கு 75 டாலருக்குக் குறையாமல் வாங்குகின்றன. ஐந்து இடங்களுக்குப் போட்டால் 30,000 ரூபாயைத் தாண்டிவிடும். இடம் கிடைக்காவிட்டால் இதில் ஒரு காசும் திரும்பாது. தினக்கூலிக் குடும்பத்தில் இது சூதாட்டம் போலத்தான் தெரியும். விண்ணப்பிக்காமலே பலர் ஒதுங்கிவிடுவதில் வியப்பில்லை.

பணத்தோடு முடிவதில்லை. பரிந்துரைக் கடிதத்தைப் பேராசிரியரே நிறுவன மின்னஞ்சல் முகவரியிலிருந்து பதிவேற்ற வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. நம் அரசுக் கலைக் கல்லூரி ஆசிரியர்கள் பலரிடம் இருப்பது ஜிமெயில் முகவரிதான். மதிப்பெண் பட்டியலை முத்திரையிட்ட உறையில் வாங்கப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கு நடையாய் நடக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்துவிட்டு, தாசில்தார் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். நகரத்துத் தனியார் கல்லூரியில் இதற்கென ஓர் அலுவலகமே இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வழி சொல்லவும் ஆள் இல்லை.

இத்தனையையும் தாண்டினால் விசா. பிரிட்டன் செல்பவர், அரசு உதவித்தொகைக் கடிதம் இல்லையென்றால், வாழ்க்கைச் செலவுக்கான தொகையைத் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் வைத்திருந்து காட்ட வேண்டும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது என்பார்கள். உண்மைதான், ஆனால் விசாவுக்கு 11,904 யூரோ, அதாவது சுமார் 12 லட்சம் ரூபாய், முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். வங்கிக் கடன் வாங்கலாமே என்றால், பிணையில்லாக் கல்விக் கடன் பொதுவாக 7.5 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். அடமானம் வைக்கப் பத்திரம் இல்லாதவர்களுக்காகத்தானே இந்தத் திட்டங்கள்? அரசின் ஆணை நேரத்துக்கு வந்தால் இந்தத் தடைகளில் பல தாமாகவே விலகிவிடும். தாமதமான ஆணையோ, இல்லாத ஆணைக்குச் சமம்.

பணம் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார் அம்பேத்கர். அங்கிருந்து 1916-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால், மறு ஆண்டே படிப்பை நிறுத்திவிட்டு நாடு திரும்ப நேர்ந்தது. சேமிப்பு, நண்பரிடம் கடன், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி எல்லாம் சேர்த்து அவர் மீண்டும் லண்டன் போனது 1920-ல். அவரிடம் இருந்த மன உறுதியை ஒவ்வொரு மாணவரிடமும் எதிர்பார்த்து ஓர் அரசு திட்டம் தீட்டக் கூடாது.

உதவித்தொகைக்கான பணத்தை ஊராட்சிப் பள்ளிகளுக்குச் செலவிடலாமே, படித்தவர்கள் திரும்பி வருவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. 2024-ல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். சொத்தை விற்றும் கடன் வாங்கியும் பிள்ளையை அனுப்பும் குடும்பத்திடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆராய்ச்சி நிறுவனங்களிலும் உயர் பதவிகளிலும் வெளிநாட்டுப் பட்டத்துக்குத் தனி மதிப்பு இருக்கும் வரை, அந்தப் பட்டம் வசதி படைத்தவர்களுக்கு மட்டும் போய்ச் சேர்வது பழைய ஏற்றத்தாழ்வைப் புதுப்பிக்கும் வேலைதான். பள்ளிக்கூடமும் வேண்டும், இதுவும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது சிக்கனம் ஆகாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. உதவித்தொகை ஆணை ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதிக்குள் வர வேண்டும். அதற்கான நிதி ஒப்புதலைப் படிப்புக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே பெற்றுவிட வேண்டும். மத்திய அரசின் ஆணை தாமதமானால், தேர்வான தமிழக மாணவர்களுக்கு மாநில அரசு உத்தரவாதக் கடிதம் தந்து கைகொடுக்க வேண்டும். கல்லூரி இறுதியாண்டிலேயே தகுதியானவர்களைக் கண்டறிந்து, தேர்வுக் கட்டணத்தையும் விண்ணப்பக் கட்டணத்தையும் அரசே நேரடியாகக் கட்ட வேண்டும். இடம் கிடைக்காவிட்டாலும் அதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் எல்லோருக்கும் நிறுவன மின்னஞ்சலும், மாவட்டத்துக்கு ஓர் அயலகக் கல்வி வழிகாட்டி மையமும் வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவர்களைத் துபாய்க்கும் மலேசியாவுக்கும் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்ற மாநிலம் இது. சில நாள் பயணத்துக்குக் காட்டிய அக்கறையை, பல ஆண்டுப் படிப்புக்கும் காட்ட வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே தேர்வு, விண்ணப்பக் கட்டணங்களுக்கான முன்செலவு நிதிக்குத் தமிழக அரசு தனியாக ஒதுக்கீடு செய்யட்டும்.