தனுஷ்கோடி செத்த ஊர் இல்ல

ஞாயித்துக்கிழமையானா எங்க பழவேற்காட்டுக்குச் சென்னையிலிருந்து கூட்டம் வரும். வர்றவங்க கேக்குற முதல் கேள்வி, "டச்சுக்காரன் கல்லறை எங்கண்ணே?" படம் பிடிச்சு, படகு சவாரி போய், பொழுது சாயக் கிளம்பிடுவாங்க. முகத்துவாரம் மண் தூர்ந்து தொழில் கெட்டு நிக்கிற குப்பத்துக்காரங்களை ஒருத்தரும் விசாரிக்கிறதில்ல. இதே கூத்தைப் போன மாசம் தனுஷ்கோடியிலயும் பாத்தேன்.

ராமேஸ்வரத்துல சாமி கும்பிட்டுட்டு நானும் வீட்டம்மாவும் போனோம். இடிஞ்ச ரயில்வே ஸ்டேஷன் சுவத்துக்கு முன்னாடி ஒரு தம்பி செல்போனைப் பிடிச்சுக்கிட்டு, "இதுதான் பேய் நகரம்"னு பேசிக்கிட்டிருந்தார். பக்கத்துல சிப்பி மாலை விக்கிற அம்மா சிரிச்சுது. "பேய் எங்கண்ணே இருக்கு? நாங்கதான் இருக்கோம்."

அந்த ஸ்டேஷன் கதையைச் சொல்றேன். 1914ல பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூர்ல போட் மெயில் ஏறினா தனுஷ்கோடியில இறங்கி, கப்பல்ல தலைமன்னார் போய், மறுபடி ரயில் பிடிச்சுக் கொழும்பு சேரலாம். மொத்தத்துக்கும் ஒரே டிக்கெட். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல். பாம்பன்லேருந்து வந்த பாசஞ்சர் ரயிலை ஸ்டேஷனை நெருங்கும்போது கடல் வாரிக்கிட்டுது. அதுல வந்த நூறு பேருக்கு மேல பிழைக்கல.

உடைஞ்ச பாம்பன் பாலத்தை 46 நாள்ல சரிபண்ணாங்க. ஸ்ரீதரன்னு இளம் என்ஜினியர் செஞ்ச சாதனை, மறுக்கல. ஆனா ராமேஸ்வரத்தோட ரயில் நின்னுபோச்சு. கப்பலையும் ராமேஸ்வரத்துக்கே மாத்திக்கிட்டாங்க. வியாபாரத்துக்கு மாத்து வழி கிடைச்சுது. தனுஷ்கோடிக்குக் கிடைச்சது, மனுஷன் வாழத் தகுதியில்லாத இடம்ங்கிற பட்டம்தான்.

"புயல் அடிக்கிற இடத்துல ஏன் இருக்காங்க?"ன்னு கேப்பீங்க. கடல்ல தொழில் பண்றவன் கடலோரமாத்தான் இருப்பான். அந்த மணல் முனையில ஸ்டேஷன் கட்டினவங்களை யாராவது இப்படிக் கேட்டோமா? வாழ லாயக்கில்லைன்னு சொன்ன இடத்துக்கே 2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்தாங்க. சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு லாயக்கான இடம், மீன் பிடிக்கிறவங்களுக்கு மட்டும் லாயக்கில்லையா? 2019ல ரயிலுக்கும் அடிக்கல் நாட்டினாங்க. ரயில் இன்னும் வரல. ஓலைக் குடிசையில இருக்கிற ஜனம் இன்னைக்கும் மணல்ல ஊத்து தோண்டித்தான் குடிதண்ணி எடுக்குது.

நான் விவசாயி. ஒரு நிலத்தைத் தரிசுன்னு கணக்குல எழுதிட்டா அப்புறம் என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். அதுல மாடு மேய்ச்சவன், முள் வெட்டிப் பிழைச்சவன் யாரும் கணக்குல வரமாட்டான். ஊரைச் செத்த ஊர்னு சொல்றதும் அதேதான். செத்த ஊருக்குத் தண்ணி வேணாம், கரண்ட் வேணாம், பள்ளிக்கூடம் வேணாம். யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேணாம்.

அடுத்த தடவை போனா ஸ்டேஷன் சுவத்தைத் தாராளமா படம் எடுங்க. அப்படியே அந்தம்மாகிட்ட ஒரு மாலை வாங்கிட்டு, "தண்ணிக்கு என்ன பண்றீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பேய் நகரம்னு மட்டும் எழுதாதீங்க. இன்னைக்கு அவங்களைச் சொல்றீங்க, நாளைக்கு எங்க ஏரிக்கரையைச் சொல்லுவீங்க.