நூற்றாண்டு விழாவும் பதினைந்து பெற்றோரும்



2005ஆம் ஆண்டில் இரண்டு பல்கலைக்கழகங்கள் தத்தம் நூற்றாண்டைக் கொண்டாடின. ஒன்று, கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகம். மற்றொன்று, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம். இரு நாடுகளில் உள்ள இரண்டும் ஒரே ஆண்டில் நூறு வயதை எட்டியது எப்படி? இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதுதான் விடை.

அந்த வேர், 1905இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட ஒரு மருத்துவப் பள்ளி. பழைய மனநல மருத்துவமனையின் காலிக் கட்டடம் ஒன்றில் 23 மாணவர்களுடன் அது தொடங்கியது. 1949இல் அந்த மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1962இல் அது இரு நாடுகளுக்கும் இரண்டு பல்கலைக்கழகங்களாகப் பிரிந்தது.

இவற்றையெல்லாம் விழா மலர்களில் படித்துவிடலாம். ஆயினும், நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி வேறொன்று. அந்த மருத்துவப் பள்ளி அரசாங்கம் தானாக முன்வந்து தந்த கொடையன்று! 1904இல் தான் ஜியாக் கிம் தலைமையில் உள்ளூர் மக்கள் ஆளுநரிடம் மனு அளித்தார்கள். பணத்தையும் திரட்டித் தந்தார்கள். சேர்ந்த தொகை 87,077 வெள்ளி. அதில் 12,000 வெள்ளி அவர் ஒருவரே கொடுத்தது. முதலில் கேட்டார்கள்; பிறகு கொடுத்தார்கள்; அதன் பின்னரே பள்ளி வந்தது.

தமிழ் நுழைந்த வழி

அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற்ற வரலாறும் இப்படிப்பட்டதே. 1950களில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அங்கு முதன்மை பெற வேண்டியது வடமொழியா, தமிழா என்ற விவாதம் மூண்டது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகக் குரல் கொடுத்தார். குரலோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கி, அத்துறையின் நூலகத்திற்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார். செல்வர்கள் மட்டுமல்லர், அன்றாடம் உழைத்துப் பிழைத்த எளிய மக்களும் அதில் பங்கு கொண்டார்கள்.

1956இல் துறை தொடங்கியது. 1961இல் தனிநாயகம் அடிகளார் அதன் பொறுப்பேற்றார். 1966இல் முதலாம் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. உலகத் தமிழறிஞர்கள் நம் மண்ணில் கூடினார்கள் என்று இன்று பெருமை பேசுகிறோமே, அந்தப் பெருமைக்கு அடியில் பல்கலைக்கழகத்தின் வாசலையே மிதித்திராத மக்களின் காசு இருக்கிறது. தம் பிள்ளைகள் அங்கே படிப்பார்களா என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. இருந்தும் கொடுத்தார்கள்.

இன்று நம்மிடம் கேட்கப்படுவது என்ன?

ஒரு நூற்றாண்டு விழா, கடந்து வந்த நூறு ஆண்டுகளைப் பாராட்டுவதோடு முடிந்துவிடக் கூடாது; அடுத்த நூறு ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்றும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை இருக்கிறது, நூலகம் இருக்கிறது. ஆனால், படிக்க மாணவர் வேண்டுமே! அவர்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. இடைநிலைப்பள்ளியில் தமிழ் படித்தவர்களே அங்கே போக முடியும்.

சங்கிலி அறுந்துபோகும் இடம் அதுதான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கும் மாணவன் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறான். அங்கே தமிழ் கட்டாயப் பாடமன்று. எனினும், 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், அப்பள்ளியில் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும். கேட்டால்! கேட்காவிட்டால்?

பெற்றோர் சிலர் சொல்லும் காரணங்களை நான் அறிவேன். தமிழ் வகுப்பு பள்ளி நேரத்திற்குப் பிறகு நடக்கிறது; போக்குவரத்துச் சிக்கல்; எஸ்.பி.எம். தேர்வில் தமிழால் ஓர் 'ஏ' குறைந்துவிடுமோ என்ற அச்சம். இவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால், கட்டணம் கட்டித் தனிவகுப்புக்கு அனுப்பும் நாம், கட்டணமே இல்லாத தமிழ் வகுப்புக்கு மட்டும் நேரமில்லை என்று சொல்வது முறையா?

ஆகவே, என் வேண்டுகோள் இதுதான்:

1. ஆசிரியர்களே, ஆறாம் ஆண்டு முடிவதற்குள், எந்த மாணவர் எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார் என்று பட்டியல் எடுங்கள். ஒரே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துங்கள்.

2. பெற்றோர்களே, பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே முதல்வரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள்.

3. எண்ணிக்கை குறைந்தால் அடுத்த தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளின் பெற்றோரையும் தேடுங்கள்.

2056இல் இந்திய ஆய்வியல் துறைக்கும் நூறு வயதாகும். இன்று முதலாம் ஆண்டில் அகரம் எழுதிப் பழகும் நம் பிள்ளைகள் அப்போது நடுவயதை நெருங்கியிருப்பார்கள். அந்த விழாவில் அவர்கள் தமிழில் உரையாற்றுவார்களா, அல்லது மொழி புரியாத விருந்தினராய் அமர்ந்திருப்பார்களா?

அன்றைய மக்களிடம் கேட்கப்பட்டது பணம். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு கையெழுத்து மட்டுமே. அதையும் தர மறுக்கலாமா? சிந்திப்போம், செயல்படுவோம்!