கமராவுக்கு எடுத்த ஆரத்தி

'லா டோல்சே வீட்டா' எண்டால் உங்களுக்கு அந்த நீரூற்றுக் காட்சி. எங்கட பெரியாக்களுக்கு வெள்ளைக்காரற்ற கூத்து. ரெண்டு பக்கமும் படத்தை ஒழுங்காப் பார்க்கேல்லை.

ஃபெலினியின்ர இந்த 1960ஆம் ஆண்டுப் படத்தில ரெண்டு சின்னப் பிள்ளைகள் மாதாவைக் கண்டதாச் சொல்லுவினம். டிவிக்காரர் பெரிய லைட்டுகளோட வந்திடுவினம். படமெடுக்கிறவை சொந்தக்காரரை நிப்பாட்டி, அப்பிடிப் பார், இப்பிடிப் பார் எண்டுவினம். பிள்ளைகள் அங்க இங்க ஓட, சனமும் பின்னால ஓடும். மழை கொட்டும். விடியேக்க ஒரு நோயாளி செத்துக் கிடப்பார். (பாப்பராசி எண்ட சொல்லே இந்தப் படத்தில வாற பாப்பராட்சோ எண்ட படப்பிடிப்பாளரின்ர பேரில இருந்துதான் வந்தது.)

இஷொய்யில நான் போற சாமத்தியவீடுகளிலயும் இதுதான். கமராக்காரர் "இன்னொருக்கா" எண்டால் அம்மம்மா திரும்ப ஆரத்தி எடுக்கிறா. சாமியும் காத்திருக்க வேணும், லைட் சரிவரும்வரை! இதுக்குப் பேர் பண்பாடாம். பன்னிரண்டு வயசுப் பிள்ளையின்ர உடம்பில நடந்த ஒண்டை டிரெய்லராக்கி யூடியூப்பில போடுறதுக்கு முதல், அவளிட்ட ஆர் கேட்டது?

உங்கட தங்கச்சிக்கு மண்டபம் பார்க்கினமெண்டால், கமராக்காரருக்கு முற்பணம் குடுக்க முதல் அவளிட்டக் கேளுங்கோ. வேண்டாம் எண்டு சொன்னால், அம்மாவோட நீங்கள்தான் சண்டை பிடிக்க வேணும். அவளை விட்டுப் பிடிக்க வைக்காதேங்கோ.