பல் டாக்டர் அடித்த கொள்ளை

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் ஜாங்கிரியை விண்டு வாயில் போட்டுக்கொண்டே ஒரு தீர்ப்பு வழங்கினார். "கொரோனாவை வைத்துப் பணம் பண்ணியவர்கள் இந்தப் பல் டாக்டர்கள்தான், ஸார்! கவச உடைக்கு என்று பில்லில் தனியாக ஒரு தொகை. பகல் கொள்ளை!" அடுத்து அவர் அப்பளத்தைக் கடித்த கடியைப் பார்த்தால், கொள்ளைக்காரர் வைத்தியத்தில் கெட்டிக்காரர் என்றுதான் தோன்றியது. பந்தியில் சண்டை வேண்டாம் என்று அப்போது வாயை மூடிக்கொண்டேன். இங்கே திறக்கிறேன்.

2020 மார்ச் 22ஆம் தேதி மாலை 5 மணிக்கு நாமெல்லோரும் மாடியில் நின்று கை தட்டினோமே, நினைவிருக்கிறதா? வைத்தியர்களுக்கு நன்றி என்று சொன்னோம். மூன்றாம் நாள் ஊரடங்கு வந்தது. எந்த வைத்தியர் என்ன ஆனார் என்று அதற்கப்புறம் நம்மில் யார் விசாரித்தோம்?

மற்ற டாக்டர்கள் நோயாளியைத் தள்ளி உட்காரச் சொல்லலாம். டெலிபோனில் கூட மருந்து சொல்லலாம். பல் டாக்டர் என்ன செய்வார்? திறந்த வாய்க்கு ஒரு முழம் தூரத்தில் அவர் முகம். கையில் நிமிஷத்துக்கு 3 லட்சம் தடவைக்கு மேல் சுழலும் கருவி. பல் சூடாகாமலிருக்க அது தண்ணீரைப் பீய்ச்சும். தண்ணீர் நம் எச்சிலோடு கலந்து புகைபோல அறையெல்லாம் மிதக்கும். நோய் பரவுவதும் எச்சிலில், அவர் பிழைப்பதும் எச்சிலில்.

ஆகவே 2020 மே 19ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் விதிகள் வகுத்தது. நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பல் கிளினிக்குகள் மூடியே இருக்கவேண்டும்; சிவப்பு மண்டலத்தில் அவசர சிகிச்சை மட்டும் செய்யலாம். நியாயமான விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பல் வைத்தியத்தில் குடும்பம் நடப்பது அவசர சிகிச்சையாலா? வீங்கிய பல்லைப் பிடுங்கினால் சில நூறு ரூபாய். வாடகையும் சம்பளமும் வருவது சுத்தம் செய்வதிலும், உறை போடுவதிலும், பெண் குழந்தைகளுக்குக் கம்பி கட்டுவதிலும்தான். அத்தனையும் தள்ளிப்போடக்கூடிய வேலை. அதைத்தான் தள்ளிப்போடச் சொன்னார்கள்.

வாடகையைத் தள்ளிப்போடச் சொன்னவர் உண்டா? வங்கித் தவணையை 2020 ஆகஸ்ட் முடிய நிறுத்திவைக்கலாம் என்றது ரிசர்வ் வங்கி. தவணைதான் நின்றது; வட்டி ஓடிக்கொண்டேயிருந்தது. இங்கிலாந்திலும் அந்த ஆண்டு மார்ச் 25 முதல் ஜூன் 8 வரை வழக்கமான பல் வைத்தியம் நின்றது. ஆனால் அங்கே அரசாங்க ஒப்பந்தத்திலிருந்த வைத்தியர்களுக்கு மாதத் தொகையில் பெரும்பகுதி போய்க்கொண்டிருந்தது. நம் ஊர்த் தெருமுனை டாக்டருக்கு ஒப்பந்தம் ஏது? நோயாளி கொடுத்தால் உண்டு. நாம் வருஷா வருஷம் பிரீமியம் கட்டும் மருத்துவக் காப்பீடுகளும், பெரும்பாலும், ஆஸ்பத்திரியில் படுத்தாலொழியப் பல்லுக்குக் காசு தருவதில்லை. பல் உடம்பில் சேர்ந்ததில்லை போலிருக்கிறது!

கொள்ளையடித்தவர்கள் இருக்கிறார்கள், கண்ணாடிக் கதவு போட்ட இடங்களில் சிலரைப் பார்த்தேன். நான் பேசுவது அவர்களுக்காக அல்ல.

மேற்கு மாம்பலத்தில் ஒரு டாக்டரம்மா. ஒரே நாற்காலி, அதுவும் கடனில் வாங்கியது. உதவிக்கு ஒரு பெண். 2020 ஆகஸ்டில் உடைந்த கடைவாய்ப் பல்லோடு போனேன். ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன, ஏ.சி. ஓடவில்லை. பிளாஸ்டிக் அங்கிக்குள் அந்த அம்மாளின் நெற்றி வியர்வை கண்ணாடிக்குள் வழிந்தது. துடைக்கக் கை போகாது. "முன்பு மாலையில் எட்டுப் பேரைப் பார்ப்பேன், ஸார். இப்போது மூன்று பேர். ஒருவர் போனதும் அறையைத் துடைத்துவிட்டுக் காற்றாடக் காத்திருக்க வேண்டும்" என்றார். உதவிப் பெண்ணைக் காணோம். பாதிச் சம்பளம்தான் தர முடிந்ததாம்; ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. துடைப்பதும் டாக்டர்தான்.

பில்லில் கவச உடைக்கு 300 ரூபாய். "இது என்ன டாக்டர், தனியாக?" என்று கேட்டேன். ஆமாம், பந்திக்காரரைச் சொல்கிறேனே, நானே கேட்டேன். முதல் நாள்தான் ஹோட்டல்காரர் பார்சல் டப்பாவுக்குப் போட்ட காசை மறுபேச்சில்லாமல் கொடுத்திருந்தேன். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, "பரவாயில்லை, ஸார்" என்றார்.

2021இல் அந்தக் கிளினிக்கை மூடிவிட்டார். இப்போது பல கிளைகளுள்ள ஒரு பெரிய நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருக்கிறார். போன வருஷம் அங்கேதான் அவரிடம் உறை போட்டுக்கொண்டேன். பில் இயந்திரத்தில் வந்தது. பதிவுக் கட்டணம், சுத்திகரிப்புக் கட்டணம் என்று ஏழெட்டு வரிகள். எதையும் அடிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. நானும் எதையும் கேட்காமல் முழுத் தொகையையும் கட்டிவிட்டு வந்தேன்.